அத்தாவின் குரலும் 44 பைட்டுகளும்



ஒருவர் மறைந்தபின் அவர் விட்டுச்சென்றதைப் பங்கிட நம் மார்க்கத்தில் தெளிவான கணக்கு உண்டு. நிலத்துக்குப் பங்கு உண்டு. நகைக்கும் பாத்திரத்துக்கும் பங்கு உண்டு. கடனை அடைத்த பிறகே பங்கீடு என்னும் ஒழுங்கும் உண்டு. அவர் விட்டுச்சென்ற குரல் மட்டும் எவருடைய பங்கிலும் விழுவதில்லை. பரணில் ஒரு தகரப்பெட்டிக்குள், பழைய துணிகளுக்கு அடியில் அது கிடக்கிறது. எல்லோருக்கும் உரியது என்பதாலேயே அதற்கு எவரும் பொறுப்பேற்பதில்லை.

எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் 14 ஒலிநாடாக்கள் இருந்தன. அவற்றைக் கணினிக் கோப்புகளாக மாற்றும் வேலையில் அத்தாவின் பிள்ளைகளாகிய நாங்கள் மூவரும் ஓராண்டைச் செலவிட்டோம். சுருக்கப்படாத ஒலிக்கோப்பு என்பது என்ன, அதை ஒரு சிறு நிரலால் படிப்பதும் எழுதுவதும் எவ்வாறு, அதனால் ஒரு குடும்பத்துக்கு என்ன பயன் என்பவற்றை அந்த ஓராண்டில் கற்றோம். பெற்றோரின் குரலை வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டாருக்கும் இது உதவும் என்று கருதி எழுதுகிறோம்.

மலையும் நாடாவும்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு வருகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அந்தக் காப்பியை நம்பி மலையேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அத்தா ஒரு தோட்டத்தில் கணக்கராக வேலை பார்த்தார்கள். பகலில் பேரேடு, மஃரிபுக்குப் பின் வீட்டுத் திண்ணையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பார்கள்.

அத்தாவின் தாயாரான எங்கள் நன்னிக்கு ‘நூறு மசலா’ முழுவதும் மனப்பாடம். கேள்வியும் விடையுமாக அமைந்த அந்தப் பழைய நூல் தமிழ் முஸ்லிம் வீடுகளில், குறிப்பாகப் பெண்களின் நாவில், தலைமுறைகளாக வாழ்ந்தது என்பதை உங்களில் மூத்தவர்கள் அறிவீர்கள். அதன் சொற்கள் அச்சில் கிடைக்கின்றன. நன்னி பாடிய மெட்டு எந்த அச்சிலும் இல்லை. எந்த அடியில் குரலை இறக்குவார்கள், எங்கே மூச்சு விடுவார்கள், விடை வரும் இடத்தில் எப்படி நிறுத்தி நிதானிப்பார்கள் என்பதெல்லாம் அந்த நாடாக்களில் மட்டுமே இருந்தன. அத்தாவின் ஓதல் பாடங்களும் நன்னியின் தாலாட்டுகளும் அவற்றோடு கலந்திருந்தன.

மலையின் ஈரம் நாடாவுக்குப் பகை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மூடுபனி சன்னலைத் திறந்தால் அறைக்குள்ளேயே வந்துவிடும். ஒலிநாடா என்பது மெல்லிய பிளாஸ்டிக் பட்டையும் அதன்மேல் பூசப்பட்ட காந்தத்துகளும் சேர்ந்த பொருள். ஈரம் புகுந்தால் பூஞ்சணம் படரும். சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும். இழுக்கும்போது பூச்சு உரியும். எங்கள் பெட்டியில் மூன்று நாடாக்களின் ஓரங்களில் வெள்ளைப் பூஞ்சணம் படிந்திருந்தது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு அவற்றை மூடிய டப்பாவில் சில வாரங்கள் வைத்தோம். பின்பு உறையின் ஐந்து திருகாணிகளைக் கழற்றி, சுருள்களை வேறு நல்ல உறைக்கு மாற்றினோம். இயக்கும்போது நாடா அறுந்துவிட்டால் அதன் பிறகு ஒட்டுப்போட்ட குரல்தான். ஆகவே ஒவ்வொரு நாடாவையும் ஒரே ஒரு முறை ஓடவிட்டு, அந்த ஒரு முறையிலேயே கிடைக்கக்கூடிய அனைத்தையும் எடுத்துக்கொள்வது என முடிவு செய்தோம். எந்த வடிவத்தில் எடுத்துக்கொள்வது என்னும் கேள்வி அங்குதான் எழுந்தது.

மழைக் கணக்குப் போல

அத்தா வேலை பார்த்த தோட்டத்தில் ஒரு மழைமானி இருந்தது. நாள்தோறும் காலையில் அதில் சேர்ந்த நீரை அளந்து குறிப்பேட்டில் எழுதுவது கணக்கரின் கடமை. மழை பெய்யாத நாளிலும் சுழியம் என்று எழுதவேண்டும். அந்தக் குறிப்பேட்டைப் புரட்டினால் எந்த நாள் கொட்டியது, எந்த நாள் தூறியது, எப்போது காய்ந்தது என்று ஒரு பருவம் முழுவதையும் மனத்தில் மீண்டும் வரைந்துகொள்ளலாம்.

கணினி ஒலியைப் பதிவதும் இதே வகையில்தான். குரல் காற்றில் ஏற்படுத்தும் அழுத்தத்தை ஒரு நொடியில் 48,000 முறை அளக்கிறது; ஒவ்வொரு அளவையும் ஓர் எண்ணாக எழுதுகிறது. 16 பிட் பதிவில் அந்த எண் −32,768 முதல் 32,767 வரை இருக்கும். அமைதிக்குச் சுழியம். இவ்வெண்களை வரிசை மாறாமல், ஒன்றையும் விடாமல் எழுதிவைத்த குறிப்பேடே சுருக்கப்படாத ஒலிக்கோப்பு. மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம். நிறுவனங்கள் 1991இல் வெளியிட்ட ‘வேவ்’ வடிவம் அவற்றுள் மிகப் பரவலானது.

எம்.பி.3 போன்ற சுருக்கப்பட்ட கோப்பு வேறு வகை. மனிதச் செவி பெரும்பாலும் கவனிக்காது என்று கணித்த பகுதிகளை அது விட்டுவிடுகிறது. பெருமழை நாள்களை மட்டும் கவனமாக எழுதி, தூறல் நாள்களைத் தோராயமாக நிரப்பிய குறிப்பேட்டை எண்ணிப் பாருங்கள். மாதக் கூட்டுத்தொகை ஏறத்தாழச் சரியாகவே வரும். ஆனால் ஒரு குறிப்பிட்ட நாளில் உண்மையில் என்ன பெய்தது என்று பின்னொரு நாள் கேட்டால் விடை இராது. விட்டது விட்டதுதான், எந்தக் கருவியாலும் அதைத் திரும்பப் பெற முடியாது.

இதற்கு நாம் கொடுக்கும் விலை இடம். ஒற்றைத் தடத்தில், நொடிக்கு 48,000 அளவுகள், ஒவ்வொன்றுக்கும் 2 பைட்டுகள் என்றால் நொடிக்கு 96,000 பைட்டுகள். 60 நிமிட நாடாவின் ஒரு பக்கமான 30 நிமிடங்களுக்கு 17 கோடியே 28 இலட்சம் பைட்டுகள். 64 கிலோபிட் வேகத்து எம்.பி.3 கோப்பு இதில் பன்னிரண்டில் ஒரு பங்கு இடத்தையே கேட்கும். முன்பு இது பெரிய வேறுபாடு. இன்று எங்கள் 14 நாடாக்களின் 28 பக்கங்களும் சேர்ந்து 5 ஜிபிக்குள் அடங்கிவிட்டன. சட்டைப்பையில் வைக்கும் ஒரு பென் டிரைவில் மூன்று தலைமுறைகளின் குரலுக்கு இடம் இருக்கிறது. இடம் போதாது என்று சொல்லும் காலம் கடந்துவிட்டது.

ஸே, ஸீன், ஸாத்

இதில் நம் சமுதாயத்துக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. அத்தாவின் பாடங்களில் பாதி நேரம் எழுத்துகளின் ஒலிப்பிலேயே கழியும். ஸே, ஸீன், ஸாத் ஆகிய மூன்றையும் தமிழ் எழுத்தில் எழுதினால் மூன்றும் ‘ஸ’தான். நாக்கு பற்களைத் தொடும் இடமும், பின்நாக்கு எழும்பும் விதமும், சீறலின் தன்மையுமே அவற்றைப் பிரித்துக் காட்டுகின்றன. பிள்ளை தவறாகச் சொன்னால் அத்தா திருத்தமாட்டார்கள். தாமே மீண்டும் சொல்வார்கள். பிள்ளை அதைக் கேட்டுத் தானே திருத்திக்கொள்ள வேண்டும்.

இத்தகைய சீறல் ஒலிகளின் ஆற்றல் பெரும்பகுதி உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. ஓர் அதிர்வெண்ணைப் பதியவேண்டுமானால் அதன் இருமடங்குக்கு மேலான வேகத்தில் அளக்கவேண்டும் என்பது ஒலிப்பதிவின் அடிப்படை விதி. பழைய தொலைபேசி முறையில் நொடிக்கு 8,000 அளவுகளே எடுக்கப்பட்டன. 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டது எதுவும் அதில் தங்காது. தொலைபேசியில் பெயர் சொல்லும்போது ஸகரமும் ஃபகரமும் மயங்குவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஓதிக்கொடுக்கும் குரலை அவ்வாறு பதிந்தால் சொல் தெரியும், பாடம் போய்விடும்.

இந்தக் கவலை நமக்கு முன்பே பெரியோர்களுக்கு இருந்தது. எகிப்தில் லபீப் அஸ்ஸயீத் அவர்கள் முன்னெடுத்த முயற்சியால், ஷெய்க் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ அவர்கள் குர்ஆன் முழுவதையும் நிறுத்தி நிதானமாக ஓதிய ஒலிப்பதிவு 1961இல் வெளிவந்தது. முழுக் குர்ஆனுக்கும் அமைந்த முதல் ஒலிப்பதிவு அது. அச்சுப் பிரதி எத்தனை கிடைத்தாலும் ஒலிப்பு வாயிலிருந்து செவிக்குத்தான் போய்ச் சேரவேண்டும் என்னும் உணர்வே அப்பணிக்குப் பின்னே இருந்தது. ஒரு மலைத் திண்ணையில் ஓர் எளிய கணக்கர் ஓதிக்கொடுத்ததற்கு அத்தகைய மதிப்பு இல்லைதான். ஆனால் அந்த ஒலிப்பைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதுவே முதல் பாடம்.

ஒலித்தலையின் சாய்வைச் சரிசெய்யும் சிறு திருகாணியைத் திருப்பும்போதும் இந்த எழுத்துகளே எங்களுக்கு அளவுகோலாயின. ஸாத்துக்கும் ஸீனுக்கும் வேறுபாடு தெளிவாகக் கேட்கும் இடத்தில் திருகாணியை நிறுத்தினோம்.

மின்சாரம் போன இரவு

நாடாக்களில் என்னென்ன இருக்கின்றன என்பதை அத்தாவின் வாயாலேயே கேட்டுப் பதிய விரும்பினோம். நன்னி அந்த மெட்டை யாரிடம் கற்றார்கள், எந்தத் தாலாட்டு யாருக்காகப் பாடியது, பின்னணியில் கேட்கும் குழந்தை யார் என்பவற்றை அறிந்தவர் அத்தா ஒருவரே. அவர்களின் உடல்நலம் தளர்ந்திருந்தது. ஓர் ஐப்பசி இரவில், இஷாவுக்குப் பின், கட்டிலில் சாய்ந்தபடி பேசத் தொடங்கினார்கள். கையடக்கப் பதிவுக்கருவி மின்கம்பியோடு இணைந்திருந்தது. அரைமணி நேரத்துக்கு மேல் பேசியிருப்பார்கள், இடி இறங்கியது, மலை முழுவதும் இருண்டது. கருவியும் அணைந்தது.

மறுநாள் கோப்பைத் திறந்தபோது நீளம் 0 நொடி என்று காட்டிற்று. எந்த இயக்கியும் அதை இயக்கவில்லை. இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம் என்று அத்தா சொன்னார்கள். அந்த நாள் வரவில்லை. அம்மாத இறுதியில் அத்தா வஃபாத்தானார்கள். அல்லாஹ் அவர்களின் கப்றை விசாலமாக்கி ஒளிமயமாக்குவானாக.

அக்காவின் மகன் சேலத்தில் கல்லூரியில் படிக்கிறான். ஃபாத்திஹாவுக்கு வந்திருந்தவன் அந்தக் கோப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “மாமா, நீளம்தான் சுழியம்னு காட்டுது. சைஸைப் பாருங்க, இருபது கோடி பைட்டுக்கு மேல இருக்கு. உள்ள ஏதோ இருக்கு.”

அவன் சொன்னதைப் புரிந்துகொள்ள வேவ் கோப்பின் அமைப்பை அறியவேண்டும். அதன் எளிய வடிவில் தொடக்கத்தில் 44 பைட்டுகள் கொண்ட ஒரு தலைப்பு இருக்கும். முதல் நான்கு பைட்டுகள் ‘ஆர், ஐ, எஃப், எஃப்’ என்னும் எழுத்துகள். அடுத்த நான்கில் கோப்பின் மீதி அளவு. பிறகு ‘வேவ்’ என்னும் அடையாளம். அதன்பின் வடிவ விவரங்கள்: எத்தனை தடங்கள், நொடிக்கு எத்தனை அளவுகள், ஓர் அளவுக்கு எத்தனை பிட்டுகள். கடைசியாக ‘டேட்டா’ என்னும் நான்கு எழுத்துகளும், ஒலி எத்தனை பைட்டுகள் நீளம் என்று கூறும் ஓர் எண்ணும். அதற்குப் பின்னால் இருப்பது முழுவதும் ஒலிதான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. எண்களின் சிறிய பகுதி முதலில் எழுதப்படுகிறது. அரபியில் இருபத்தைந்தை ‘கம்ஸத்துன் வ இஷ்ரூன்’, அதாவது ஐந்தும் இருபதும், என்று ஒன்றுகளை முதலில் சொல்கிறோம் அல்லவா, அதைப் போல. 48,000 என்னும் எண் தலைப்பில் 128, 187, 0, 0 என்ற நான்கு பைட்டுகளாக இருக்கும். 187ஐ 256ஆல் பெருக்கி 128ஐக் கூட்டினால் 48,000 வரும். மதரஸாவில் எண் படித்த பிள்ளைக்கு இது புதிதாகத் தோன்றாது.

பதிவுக்கருவி ஒலியை எழுதிக்கொண்டே போகும். எவ்வளவு எழுதினோம் என்னும் நீளத்தைப் பதிவு முடியும்போதுதான் தலைப்பில் திரும்பி வந்து நிரப்பும். பதிவு நடுவிலே அறுந்தால் அந்த இடம் சுழியமாகவே நின்றுவிடும். எங்கள் கோப்புக்கு நேர்ந்தது அதுவே. பேச்சு உள்ளே இருந்தது. பேச்சின் நீளத்தைச் சொல்லும் நான்கு பைட்டுகள்தாம் நிரப்பப்படாமல் இருந்தன.

அன்றிரவே எங்கள் மேசையில் அவன் ஒரு நிரலை எழுதினான். பைத்தான் மொழியில் ‘வேவ்’ என்னும் தொகுதி அம்மொழியோடு சேர்ந்தே வருகிறது. தனியாக எதையும் நிறுவவேண்டியதில்லை. 2024இல் வந்த 3.13ஆம் பதிப்பில் பழைய ஒலித் தொகுதிகள் சில நீக்கப்பட்டபோதும் இது நீடித்தது. ஆனால் பழுதுபட்ட கோப்பை வேவ் தொகுதி மூலம் திறந்தால் அதுவும் தலைப்பை நம்பிச் சுழியம் என்றே சொல்லும். ஆகவே முதலில் கோப்பைப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியை வெறும் பைட்டுகளாகத் திறந்தான். ‘டேட்டா’ என்னும் எழுத்துகள் எங்கே வருகின்றன என்று தேடினான். கருவிகள் சில நாள், நேரம் போன்ற குறிப்புகளையும் தலைப்பில் சேர்ப்பதால் 44 என்று கண்ணை மூடிக்கொண்டு கணக்கிடக்கூடாது. அந்த எழுத்துகளுக்கும் அடுத்த நான்கு பைட்டுகளுக்கும் பின்னால் உள்ள அனைத்தையும் எடுத்தான். பிறகு வேவ் தொகுதியால் புதிய கோப்பு ஒன்றைத் திறந்து, தடம் 1, ஓர் அளவுக்கு 2 பைட்டுகள், வேகம் 48,000 என்று அறிவித்து, எடுத்ததை அப்படியே எழுதி மூடினான். மூடும்போது சரியான நீளத்தைத் தொகுதியே தலைப்பில் எழுதிவிடுகிறது. மொத்தம் பதினைந்து வரிகளுக்குள்தான்.

முதல் முறை ஓடவிட்டபோது கேட்டது அருவி போன்ற இரைச்சல். தொடக்கத்தை ஒரு பைட்டு தள்ளி எடுத்ததன் விளைவு அது. இரண்டு பைட்டுகள் சேர்ந்து ஓர் எண். ஒன்று தள்ளினால் ஒவ்வோர் எண்ணின் பாதியும் அடுத்ததன் பாதியோடு சேர்ந்துவிடுகிறது. ஒரு பைட்டும் தொலையவில்லை, வரிசை மட்டும் பிசகியது. அதற்கே குரல் இரைச்சலாயிற்று. அவன் அதைத் திருத்தி மீண்டும் ஓடவிட்டான். பிஸ்மி சொல்லி அத்தா பேசத் தொடங்கினார்கள்.

20 கோடியே 16 இலட்சம் பைட்டுகள், 35 நிமிடங்கள். அக்கா அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்து நின்றார். முடியும்வரை எவரும் உட்காரவில்லை.

அந்தக் கோப்பு சுருக்கப்படாத வடிவில் இருந்ததால் இந்த மீட்பு இத்தனை எளிதாயிற்று. எண்கள் வரிசையாகக் கிடந்தன. அவற்றுக்குப் பொருள் கொடுக்கும் திறவுகோலை எங்களாலேயே எழுத முடிந்தது.

எவரிடம் ஒப்படைப்பது

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு சூரா அன்னிஸாவில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். குரல் மீண்டதும் அதற்கு உரியவர் யார் என்னும் கேள்வி எழுந்தது. உறவினர் பலரும் அன்போடு கேட்டார்கள். நன்னியின் பாட்டை வலைத்தளத்தில் ஏற்றினால் உலகமே கேட்குமே என்றார் ஒருவர். பின்னணியில் மழைச்சத்தம் அதிகம். அதை நீக்கி, கொஞ்சம் எதிரொலி சேர்த்தால் இனிமையாக இருக்குமே என்றார் மற்றொருவர்.

நன்னி தம் வாழ்நாளில் பெண்கள் மட்டும் கூடிய இடத்திலேயே பாடினார்கள். அத்தா பதிவு செய்ததும் நன்னியின் பெண்மக்கள் கேட்கவேண்டும் என்பதற்காகவே. பெண்ணின் குரல் குறித்து ஆலிம்களிடையே உள்ள விவாதங்களுக்குள் நாங்கள் புகவில்லை. எவருக்காகப் பாடினார்களோ அவர்களுக்கு உரியது என்பதே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. மறைந்தவரிடம் புதிதாக அனுமதி கேட்க இயலாது. அவர் வாழ்ந்த வழியைத்தான் அனுமதியின் எல்லையாகக் கொள்ளவேண்டும்.

ஆனால் நாடாக்களில் பாட்டும் பாடமும் கலந்திருந்தன. ஒரே பக்கத்தில் பன்னிரண்டரை நிமிடம் ஓதல் பாடம், அதன்பின் தாலாட்டு. இங்கும் அந்தச் சிறு நிரல் உதவியது. 750 நொடிகளை 48,000ஆல் பெருக்கினால் 3 கோடியே 60 இலட்சம். அத்தனையாவது அளவுவரை படித்து ஒரு கோப்பாகவும், அங்கிருந்து இறுதிவரை படித்து மற்றொரு கோப்பாகவும் எழுதச் சொன்னால் போதும். இரண்டையும் மீண்டும் ஒட்டினால் மூலத்தின் ஒலி ஓர் எண்ணும் மாறாமல் கிடைக்கும், ஒட்டிச் சரிபார்த்தும்விட்டோம். சுருக்கப்பட்ட கோப்பை வெட்டி மறுபடி சுருக்கிச் சேமிக்கும்போது ஒவ்வொரு முறையும் சிறிது தேயும். பிரதியின் பிரதியை மீண்டும் பிரதி எடுப்பது போன்றது அது.

பாடங்களின் கோப்புகளைப் பிள்ளைகள் கேட்பதற்காக மக்தபுக்குக் கொடுத்தோம். நன்னியின் பாட்டுகளை வீட்டுப் பெண்மக்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கொடுத்தோம். அத்தாவின் 35 நிமிடப் பேச்சு எல்லோருக்கும் சென்றது. மழைச்சத்தத்தை மூலத்திலிருந்து நீக்கவில்லை. ஓட்டுக்கூரையில் விழும் அந்தச் சேர்வராயன் மழையும், ஓதும் பிள்ளைகளின் இருமலும், தொலைவில் கேட்கும் காப்பிக்கொட்டை உரிக்கும் இயந்திரத்தின் ஓசையும் அந்த மாலைப்பொழுதின் பகுதிகள். தெளிவாகக் கேட்க விரும்புவோருக்கு இரைச்சல் குறைத்த பிரதி தனியே உண்டு.

குரலைத் திருப்பிக் கொடுப்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. ஆர்னால்ட் பாகே என்னும் டச்சு இசையாய்வாளர் 1938இல் தமிழகம், கேரளம், கர்நாடகம் ஆகிய பகுதிகளில் மக்களின் பாட்டுகளையும் நிகழ்த்துகலைகளையும் பதிவு செய்தார். லண்டனில் அவரிடம் பயின்றவர் நஸீர் அலி ஜைராஸ்பாய். 1984இல் அவரும் ஏமி கேட்லினும் அப்பதிவுகளைக் கையில் எடுத்துக்கொண்டு அதே ஊர்களுக்குத் திரும்பினார்கள். பாடியவர்களையும் அவர்களின் வழித்தோன்றல்களையும் தேடிச்சென்று, 46 ஆண்டுகளுக்கு முந்தைய குரல்களை அவர்கள் செவியில் சேர்த்தார்கள். இந்திய இசைப் பதிவுகளை இந்தியாவிலேயே பாதுகாக்கும் நோக்கில் 1982இல் தொடங்கிய ஓர் ஆவணக் காப்பகம் இன்று குருகிராமில் இயங்குகிறது. பாகேயின் பதிவுகளின் பிரதிகள் அங்கும் உள்ளன. குரல் ஓர் ஆய்வாளரின் அலமாரியில் இருந்தாலும், அது பாடியவர் வீட்டுக்குக் கடன்பட்டது என்பதை உணர்ந்த பயணம் அது. நம் வீட்டுப் பரணிலுள்ள குரலுக்கோ நாம் எங்கும் பயணம் போகவேண்டியதில்லை.

நீங்கள் செய்யக்கூடியவை

உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் இருக்கும்போதே பதியுங்கள். பெயர்களையும் ஊர்களையும் உறவுமுறைகளையும் அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். பதிவு எதற்காக, யார் கேட்கலாம் என்பதையும் அப்போதே அவர்களிடம் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். கைப்பேசியிலும் வேவ் வடிவில் பதியும் செயலிகள் உள்ளன. நொடிக்கு 48,000 அளவுகள், ஒற்றைத் தடம் என்பது பேச்சுக்குப் போதும். குரல் உச்சத்தில் எல்லையைத் தொடாதபடி ஒலியளவைச் சற்றுக் குறைத்தே வையுங்கள். மெல்லிய பதிவைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். எல்லை தாண்டி வெட்டுண்ட உச்சி திரும்ப வராது.

மூலக்கோப்பை ஒருபோதும் திருத்தாதீர்கள். திருத்தம், வெட்டுதல், இரைச்சல் நீக்கம் எல்லாம் பிரதியில் நடக்கட்டும். மூலத்தை மூன்று இடங்களில் வையுங்கள். அவற்றில் ஒன்றாவது வேறு ஊரில் இருக்கட்டும். எங்கள் பிரதிகளில் ஒன்று மலையில், ஒன்று சேலத்தில், ஒன்று சென்னையில் இருக்கின்றன. எஸ்.எச்.ஏ-256 என்னும் கணக்கீட்டைப் பைத்தானிலேயே செய்யலாம். ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை போன்ற ஒரு நீண்ட எண்ணை அது தரும். ஆண்டுக்கொரு முறை மூன்று பிரதிகளின் கைரேகைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மாறாதிருந்தால் குரலும் மாறவில்லை. நாங்கள் ரமளானுக்கு முன் வீட்டைத் துப்புரவு செய்யும் வாரத்தில் இதைச் செய்துவிடுகிறோம்.

இடத்தைச் சேமிக்க விரும்பினால் ‘ஃபிளாக்’ என்னும் வடிவம் உண்டு. அது எதையும் இழக்காமல் சுருக்கும். விரித்தால் அதே எண்கள் திரும்பக் கிடைக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்ப எம்.பி.3 பிரதியும் எடுத்துக்கொள்ளலாம், அதில் தவறில்லை. அனுப்பிய பிரதி மட்டுமே மிஞ்சும் நிலை வந்துவிடக்கூடாது, அவ்வளவே.

உங்கள் பிள்ளைகளில் நிரல் எழுதப் படிப்பவர் இருந்தால் இந்த வேலையை அவரிடம் கொடுங்கள். கல்லூரியில் தரும் பயிற்சிக் கணக்குகளைவிட, தம் பாட்டனாரின் குரலை ஒரு கோப்பிலிருந்து எடுத்து இன்னொரு கோப்பில் பிசகாமல் எழுதுவது அவருக்கு அதிகம் கற்றுத்தரும். எண்களின் வரிசை ஏன் முக்கியம் என்பதை அவர் மறக்கமாட்டார்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றைக் குறைவின்றி அடுத்தவர் கையில் சேர்க்கும் தவ்ஃபீக்கை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.